அழகில்லாத குழாய்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் பெரியவளும் சுகம். என் முழங்கால் மட்டும் இந்தக் குளிரில் படிக்கட்டைக் கண்டால் முறைக்கிறது. உன் இருமல் நின்றதா? சின்னவளின் முதுகு வலி எப்படி?

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ எல்லாவற்றுக்கும் "சரிண்ணே, சரிண்ணே" என்பாய். பிறகு உன் இஷ்டத்துக்குச் செய்வாய். ஒரே மாமனாருக்கு நாம் இருவரும் மாப்பிள்ளைகளாகி இத்தனை வருடத்தில் இதுகூடத் தெரியாமல் போகுமா? அதனால் பார்சலுக்குள் கடிதம்.

உன் காருக்கான பெட்ரோல் சிஸ்டம் முழுதாக வருகிறது. பம்ப், ஃபில்டர், டேங்க்குக்குப் பக்கத்தில் வைக்கும் சின்ன டேங்க், போகும் குழாய், திரும்பும் குழாய், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், கார்புரேட்டர், அதன் மேல் கவிழ்க்கும் காற்றுப் பெட்டி. உன் எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது. குளிர வைக்கக் காற்றுதான். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மாட்டிய பிறகு வெளிக்காற்று மட்டும் போதாது. தாராளமாகப் போகும் பெட்ரோலும் சேர்ந்துதான் பிஸ்டனைக் குளிர வைக்கும். பெட்ரோல் குறைந்தால் அலுமினியம் மெழுகாகிவிடும்.

கார்புரேட்டருக்குள் இருந்த, உள்ளே காலியான பித்தளை மிதவையை எடுத்துவிட்டேன். டர்போ அழுத்தத்தில் அது தகர டப்பா மாதிரி நசுங்கும். கெட்டியான மிதவை போட்டிருக்கிறேன். வளைவுகளில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கினாலும் சின்ன டேங்க் காலியாகாது.

காற்றுப் பெட்டியிலிருந்து ரெகுலேட்டருக்கு ஒரு மெல்லிய கறுப்புக் குழாய் போகும். அதில் பெட்ரோல் ஓடாது. டர்போ எவ்வளவு அழுத்துகிறது என்ற சேதியை ரெகுலேட்டருக்குக் கொண்டு போவது அதுதான். கார்புரேட்டருக்குள் காற்று அழுத்தம் ஏற ஏற, பெட்ரோல் அதற்கு ஒரு படி மேலே தள்ளினால்தான் உள்ளே போக முடியும். அந்தக் குழாய் இல்லாவிட்டால் வண்டி ஊருக்குள் பூனை மாதிரி போகும். ஏற்றத்தில் பட்டினி கிடக்கும்.

இருபது வருடம் அடுத்தவர் பெயர்ப் பலகைக்குக் கீழே வேலை செய்தேன். என் சொந்தப் பட்டறையிலிருந்து முழுதாக வெளியே போகும் முதல் சிஸ்டம் இது. ரெகுலேட்டரின் அடியில் பார், ஒரு சொட்டு வடிவம் குத்தியிருக்கிறேன். அதுதான் இனி என் அடையாளம். ஜூனில் உங்கள் மலைப்பாதைப் பந்தயத்தில் நான்கு பேர் இதைப் பார்த்தால் பட்டறை நிமிர்ந்துவிடும். பார்த்துச் செய்.

சின்னவளைப் பாரம் தூக்க விடாதே.

உன் சகலை


ஜனவரி 31

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருமல் போய்விட்டது, முதுகு வலி பாதி போய்விட்டது, நான் மட்டும் அப்படியே இருக்கிறேன் என்று சின்னவள் எழுதச் சொல்கிறாள்.

பார்சல் பிரித்தபோது லேத் பட்டறைக்காரர் பக்கத்தில் இருந்தார். சாதாரணமாக எதையும் புகழாத மனிதர். பித்தளை நட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைச் செஞ்சவருக்குக் கோபம் அதிகமா?" என்று கேட்டார். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றேன். "இவ்வளவு ஒழுங்கா இருக்கறவங்க வீட்டுல யாரும் நிம்மதியா இருக்க முடியாது" என்றார். பெரியவளிடம் படித்துக் காட்டவும்.

எல்லாம் மாட்டிவிட்டேன். முதல் சாவியிலேயே எஞ்சின் பிடித்தது. வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. உங்கள் கடிதம் நீளமாக இருந்ததால் தேவையான இடங்களைப் படித்தேன், மீதியை மரியாதையாகப் பத்திரப்படுத்தினேன்.

ஒரே ஒரு குறை. கோபிக்க வேண்டாம். எல்லாம் தகதகவென்று இருக்கும் நடுவே அந்தக் கறுப்புக் குழாய் கண்ணை உறுத்துகிறது. கல்யாணக் கோலத்தில் ரப்பர் செருப்பு மாதிரி. வேறு ஏதாவது நிறம் கிடைக்காதா?

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், குறைந்திருக்கிறது. லேத் பட்டறைக்காரர் சொன்னதைப் பெரியவள் மூன்று பேரிடம் சொல்லிவிட்டாள்.

அந்தக் குழாய் அழகுக்கு வைத்தது இல்லை. வேலைக்கு வைத்தது. அழகு வேண்டுமானால் பக்கத்தில் ஒரு பூச்செண்டு வைத்துக்கொள்.

நல்ல செய்தி ஒன்று. உங்கள் கார் கிளப் தலைவர், நீ வெள்ளைத் தொப்பி என்பாயே, அவர் எழுதியிருக்கிறார். மார்ச் கண்காட்சியில் உன் வண்டியைப் பார்த்துவிட்டுத் தன் வண்டிக்கும் இதே மாதிரி ஒன்று கேட்பாராம். நான் பித்தளைக் கம்பிகளை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன். கொஞ்சம் அவசரம்தான். ஆனாலும் கை நிற்கவில்லை.

சின்னவள் உடம்பைப் பற்றி நீ எழுதவே இல்லை. எழுது.

சகலை


மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சௌக்கியம். சின்னவள் குனிந்து நிமிர்ந்து என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

நாளை கண்காட்சி. இருபது வண்டிகளுக்கு மேல், எஞ்சின் இருக்கும் பின்பக்க மூடியைத் திறந்து வைத்து நிற்கும். மூன்று நாளாக எஞ்சினைத் துடைக்கிறேன். விசிறியின் கூட்டை வெள்ளியாக்கிவிட்டேன். காற்றுப் பெட்டியில் முகம் பார்த்து மீசையைத் திருத்தலாம். "என் சகலை கை வேலை" என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு எப்படி நிமிர்கிறது தெரியுமா? நான் செய்ததாகக்கூடச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள்.

ஒன்றிரண்டு சின்ன அலங்காரமும் செய்திருக்கிறேன். படம் எடுத்து அனுப்புகிறேன், அசந்துபோவீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலமா? ஒரு மாதமாக எழுத்தும் இல்லை, படமும் இல்லை. போன் செய்து வண்டியைப் பற்றிக் கேட்டால் "வண்டி கீழ நிக்குதுண்ணே, நான் மேல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கண்காட்சி எப்படிப் போனது? வெள்ளைத் தொப்பியிடமிருந்தும் சத்தம் இல்லை.

காற்றுப் பெட்டி இரண்டாவது ஒன்று செய்து முடித்துவிட்டேன். முதலாவதைவிட நன்றாக வந்திருக்கிறது. அதை வாங்க ஆள் வேண்டும்.

சகலை


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

கண்காட்சி பிரமாதம். உங்கள் வேலையை எல்லோரும் புகழ்ந்தார்கள். பிறகு வண்டியை அதிகம் எடுக்கவில்லை. எஞ்சினைச் சும்மா ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம் என்று லேத் பட்டறையில் விட்டிருக்கிறேன். நல்ல எஞ்சின்தான், இருந்தாலும் பார்த்து வைப்பது நல்லதுதானே.

ரெகுலேட்டரை மட்டும் கழற்றி இதோடு அனுப்புகிறேன். அதில் ஏதோ கோளாறு இருக்குமோ என்று ஒரு சந்தேகம். உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்திருக்கலாம், இல்லையா? புதிதாக வாங்கியதிலும் அப்படி வர வாய்ப்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். பார்த்துச் சொல்லுங்கள். அவசரம் இல்லை. ஜூனுக்கு முன்னால் என்றால் நல்லது.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


மே 2

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலம். உன் முதுகு தேறியது கேட்டு நிம்மதி. இது இவர் எழுதச் சொல்லி எழுதுவது இல்லை. இவருக்குத் தெரியாது.

தம்பி அனுப்பிய ரெகுலேட்டர் போன வாரம் வந்தது. இவர் பட்டறையில் பிரிக்கும்போது நானும் இருந்தேன். எடுத்ததும் இவர் கை நின்றுவிட்டது. அந்தக் கறுப்புக் குழாய் மாட்டும் மூக்கில் குழாய்க்குப் பதிலாக ஒரு சிவப்பு மூடி, அளவெடுத்துச் செய்தது, அழகாக, பளபளவென்று அடைத்திருந்தது. கழற்ற மறந்து அனுப்பியிருக்கிறார் போல. இவர் அதைப் பிடுங்கி மேசை மேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிஸ்டன் போயிருக்கும்" என்றார்.

"என்ன சொல்றீங்க? சும்மா பிரிச்சுப் பார்த்தேன்னுதானே தம்பி எழுதியிருந்தார்?"

"சும்மா யாரும் எஞ்சினைப் பிரிக்க மாட்டாங்க. குழாயைக் கழட்டிட்டு ஏத்தத்துல போயிருக்கான்."

அதற்குப் பிறகும் ரெகுலேட்டரை ஒழுங்காகச் சோதித்தார். ரப்பர்த் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காற்று ஏற்றினார். முள் அசையாமல் நின்றது. ஒரு குறையும் இல்லை.

இதில் இவருக்கு வருத்தம் வேறு. வெள்ளைத் தொப்பி கடிதம் போட்டிருக்கிறார், சிஸ்டம் வேண்டாமாம். "உங்கள் சிஸ்டம் எஞ்சினை எரித்துவிட்டது என்று கிளப்பில் பேச்சு, மன்னிக்கவும்" என்று மரியாதையாக எழுதியிருக்கிறார். சிஸ்டம் கேட்டிருந்த இன்னொருவரும் பின்வாங்கிவிட்டார். "தம்பிகிட்ட கேட்டு எழுதுங்களேன்" என்றேன். "அவனே சொல்லட்டும்" என்கிறார். முகம் மட்டும் அப்பா கோபித்துக்கொண்டால் இருக்குமே, அந்த மாதிரி இருக்கிறது.

என்னடி நடந்தது? உள்ளது உள்ளபடி எழுது. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ கேட்டாய், சொல்லிவிடுகிறேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் அந்தக் குழாயைக் கழற்றினார். பார்க்க நன்றாக இல்லையாம். அது மாட்டியிருந்த இரண்டு மூக்குகளையும் சிவப்பு மூடி செய்து அடைத்தார். "எதுக்குங்க கழட்டறீங்க, மாமா வச்சிருக்காரே" என்றேன். "ஒரு நாள்தான். நாளைக்கே மாட்டிடுவேன்" என்றார். கண்காட்சியில் எல்லோரும் சுற்றி நின்று புகழ்ந்தார்கள். இவர் தரையில் நடக்கவே இல்லை. அந்தப் பெருமையில் மூடியை மறந்துவிட்டார். திரும்பும்போது கிளப் ஆட்கள் பின்னால் வர, மேட்டில் முழு வேகத்தில் மிதித்தார். பாதி மேட்டில் ஒரு பட்பட் சத்தம், பிறகு நீலப் புகை. ஒரு பிஸ்டனின் தலையில் பெருவிரல் போகும் ஓட்டை.

அங்கேயே யாரோ, "சகலை செஞ்ச சிஸ்டம் கைவிட்டுடுச்சு போல" என்றார்கள். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது இவருக்கே காரணம் தெரியாது, அக்கா, அது சத்தியம். ரெகுலேட்டரில்தான் கோளாறு என்று நம்பித்தான் அனுப்பினார். அனுப்பிவிட்டு வந்த பிறகுதான் மாமாவின் முதல் கடிதத்தை எடுத்து முழுதாகப் படித்தார். ஏற்றத்தில் பட்டினி கிடக்கும் என்ற இடத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். தட்டில் போட்டது ஆறிப்போனது.

"போன் பண்ணிச் சொல்லுங்க" என்றேன்.

"என்ன முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"இருக்கற முகத்தை வச்சுக்கிட்டுத்தான்."

"அவர் திட்டினாப் பரவாயில்ல. திட்டாம இருந்தாத்தான் பயம்" என்றார்.

அதோடு நிற்கிறது. கிளப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். மாமா முதல் முதலாகத் தன் அடையாளம் போட்ட பொருளை நான்கு பேர் பழிக்கிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோமே என்பதுதான் இவரை அரிக்கிறது. லேத் பட்டறைக்காரர் புது பிஸ்டனும் சிலிண்டரும் போட்டுக் கொடுத்துவிட்டார். வண்டி தயார். இவர்தான் தயாராகவில்லை.

நான் எழுதியதை மாமாவிடம் சொல்லாதே. இவர் வாயால் வரட்டும்.

உன் சின்னவள்


மே 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். முழங்கால் இப்போது தொல்லை செய்வதில்லை, வெயில் வந்துவிட்டது. சின்னவள் சுகம் என்று பெரியவள் சொன்னாள். உன் சுகம் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ரெகுலேட்டரைச் சோதித்தேன். அதில் பழுது இல்லை. துடைத்து அனுப்புகிறேன். முன்பு இருந்த இடத்திலேயே மாட்டு.

கூடவே புதிய குழாய் ஒன்று வருகிறது. முன்பு அனுப்பியது அழகாக இல்லை என்று எழுதினாய். யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். கையில் கிடைத்ததைப் போட்டிருந்தேன். அது மறைவாக எங்காவது கிடக்கும் என்று நினைத்து அலட்சியமாக இருந்துவிட்டேன். மூடியைத் திறந்தால் முதலில் தெரிவதே அதுதான் என்பது இங்கே மேசையில் செய்பவனுக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒன்பது நாள் ஆனது. உள்ளே ரப்பர், மேலே எஃகுக் கம்பிப் பின்னல். பின்னலை நானே இழை இழையாக இறுக்கினேன். இரண்டு முனைகளிலும் பித்தளை நட்டு, ஆறு முகமும் கண்ணாடியாகத் தேய்த்தது. கையால் கழலாது, ஸ்பேனர் வேண்டும். காற்றுப் பெட்டியின் வளைவுக்குச் சமமாக வளைத்திருக்கிறேன். நட்டில் சொட்டு அடையாளம் இருக்கிறது. நான் இதுவரை செய்ததிலேயே அழகான பொருள் இது. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இதை மறைத்து வைக்க எவனுக்கும் மனசு வராது.

பெட்டியின் மூலையில் ஒரு சிவப்பு மூடி இருக்கும். ரெகுலேட்டரோடு வந்தது. உன் பொருள் உன்னிடமே வருகிறது. அதையும் நன்றாகத்தான் செய்திருக்கிறாய்.

பந்தயத்துக்குப் போ. வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

உன் சகலை


ஜூன் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். உங்களையும் பெரியவளையும் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

நேற்று பந்தயத்தில் வண்டி மலை ஏறியது. கீழே முதல் கியரில் கிளம்பியபோதே தெரிந்துவிட்டது. டர்போ பிடித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் அழுத்தம் காட்டும் முள்ளை முன்னாலேயே மாட்டி வைத்திருந்தேன். டர்போ முள் ஏற ஏற அதுவும் கூடவே ஏறியது, கைகோத்துக்கொண்டு போகும் இரண்டு பேர் மாதிரி. கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு திணறல் இல்லை. போன தடவை புகை வந்த மேடு மாதிரி அங்கே மூன்று மேடுகள். மூன்றிலும் முழுதாக மிதித்தேன். உச்சியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தபோது காற்றில் உலோகம் டிக் டிக் என்று ஆறும் சத்தம் மட்டும்தான். எங்கள் பிரிவில் இரண்டாவது இடம். முதல் இடம் பிடித்தவரின் எஞ்சின் என்னுடையதைவிட ஒன்றரை மடங்கு பெரியது.

குழாய் இருந்த இடத்தில் இருக்கிறது.

தம்பி


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இவர் உங்களுக்கு நேற்று எழுதியதைத் தபாலில் போடும்முன் படித்தேன். முக்கியமானதை விட்டுவிட்டார். நான் எழுதுகிறேன், மாமாவிடம் படித்துக் காட்டு.

பந்தயத்தில் வண்டிகள் கிளம்பும் முன்னால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார்கள். இவர் முறை வந்தது. வெள்ளைத் தொப்பி வந்து குனிந்தார். சுற்றி நாற்பது பேராவது இருக்கும்.

"இன்னும் அதே சிஸ்டம்தானா? தைரியம்தான் உங்களுக்கு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

இவர் சாவிக்கொத்தை எடுத்தார். அதில் அந்தச் சிவப்பு மூடி தொங்கியது. மாமா அனுப்பிய அன்றே ஓட்டை போட்டு மாட்டியிருக்கிறார், எனக்கே அப்போதுதான் தெரியும்.

"ஐயா, போன தடவை எஞ்சினை எரிச்சது சிஸ்டம் இல்ல. இதுதான். இங்க ஒரு குழாய் இருந்தது. பார்க்க நல்லா இல்லைன்னு கழட்டிட்டு இந்த மூடியை மாட்டினேன். நான்தான் மாட்டினேன். எங்க சகலை அதைப் பத்தி எழுதி அனுப்பியிருந்தார். நான் படிக்கல."

வெள்ளைத் தொப்பி மூடியை வாங்கிப் பார்த்தார்.

"அழகுக்காக ஒரு பிஸ்டனா?"

"ஆமாங்க. எங்க வீட்டுலயே விலை அதிகமான நகை இதுதான்" என்றார் இவர்.

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், காது மட்டும் அந்த மூடி நிறத்தில் இருந்தது. "மூணு மாசமா நீங்க அவரைப் பேசும்போது நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது இதைவிடப் பெரிய மூடி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அதற்குப் பிறகுதான் அக்கா மலை ஏறினார். வண்டி பாதியில் நின்றிருந்தால் ஊரே கைகொட்டியிருக்கும். நான் கீழே நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தம் ஒரு இடத்தில்கூட உடையவில்லை.

சின்னவள்


ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளின் கடிதத்தைப் பெரியவள் படித்துக் காட்டினாள். ஒருமுறை கேட்டேன். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு நானே படித்தேன்.

வெள்ளைத் தொப்பி எழுதியிருக்கிறார். தயாராக இருக்கும் காற்றுப் பெட்டியோடு முழு சிஸ்டமும் வேண்டுமாம். பின்வாங்கியவரும் கேட்டிருக்கிறார், புதிதாக இன்னொருவரும். மூன்று பேருமே முதல் வரியில் கேட்டிருப்பது அந்தக் குழாயைத்தான். ஒருவர், "சிஸ்டத்தில் எதை வேண்டுமானாலும் குறையுங்கள், குழாய் மட்டும் உங்கள் சகலை வண்டியில் இருப்பது போலவே இருக்க வேண்டும்" என்கிறார். எஃகுக் கம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். பின்னலைப் பெரியவள் கற்றுக்கொண்டாள். என்னைவிட நெருக்கமாகப் பின்னுகிறாள். அதை அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இரண்டாவது இடம் நல்ல இடம். பாதையையும் உன்னையும் நினைத்துப் பார்க்கிறேன். பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன், "ஓட்டியது என் சகலை" என்று.

சின்னவளை அழைத்துக்கொண்டு அடுத்த மாதம் வா. வண்டியிலேயே வா.

வரும்போது ஒன்று கொண்டு வர வேண்டும். குழாய்க்கு இரண்டு முனை. அப்படியானால் மூடியும் இரண்டு செய்திருப்பாய். காற்றுப் பெட்டி முனையில் இருந்தது உன் வீட்டில் எங்காவது உருண்டு கிடக்கும். தேடி எடுத்து வா. என் சாவிக்கொத்திலும் மாட்ட ஒன்று வேண்டும்.

உன் சகலை